நூற்றுப் பதினான்கு விநாடி

ஆறு டாலர் கேமரா, கட்டைவிரல் நகமளவு கண்.
பின்னால் ஓர் ஆர்டுயினோ,
உடைந்த பொம்மை ரயிலிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர்,
அதை வானொலியின் மைக்கோடு இறுக்க
கொத்தமல்லிக் கட்டோடு வந்த ரப்பர் பேண்ட்.
சிரிக்காதீர்கள்.
இதில்தான் புரோக்கன் ஹில்லிலிருந்து லான்செஸ்டன் வரை
ஓர் எலுமிச்சம்பழம் போனது.

ஒலியாகப் போனது.
கறுப்புக்கு ஆயிரத்து ஐந்நூறு அதிர்வு,
வெள்ளைக்கு இரண்டாயிரத்து முந்நூறு,
நடுவில் உலகத்துச் சாம்பல் அத்தனையும்.
வரிக்கு வரி பச்சை முதலில், அடுத்து நீலம்,
பந்தி முடியும்போது வரும் உறவுக்காரன் போலச் சிவப்பு.
இருநூற்று ஐம்பத்தாறு வரி.
வெளியில் கேட்டால் கெண்டியும் சீவாளியும் சண்டை போடும் சத்தம்.
எனக்கு மட்டும்,
இதோ காம்பு போகிறது, இதோ தோல்.

முதல் படம் சாய்ந்து போய்ச் சேர்ந்தது.
ஜனவரி. தகரக் கொட்டகைக்குள் நாற்பத்து நான்கு டிகிரி.
மலிவுப் பலகையின் கடிகாரம் வெக்கையில் சோம்பிவிடும்.
வரிக்கு மயிரிழை பிந்தினால் போதும்,
அடிவரியில் பழம் மேசையைவிட்டு உருண்டிருக்கும்.
மெர்வின் அதைத் தன் படத்தின் மூலையில் ஒட்டித் திருப்பி அனுப்பினார்,
கீழே எழுதி: பழம் அருமை, மேசையை நிமிர்த்து.
நல்ல படிகம் ஒன்று வாங்கிப் பற்றவைத்தேன்.
நிமிர்ந்தது.

கோடு மட்டும் போகவில்லை.

குறுக்கே, யாரோ பேனா உதறியதுபோல் வண்ணச் சிதறல்.
மின்னல் என்று நினைத்தேன்.
பிறகு பக்கத்து வீட்டு ஏசி. பிறகு எங்கள் கூரையின் சூரியப் பலகை.
கேபிளுக்கெல்லாம் ஃபெரைட் வளையம் மாட்டினேன், ஒன்பது.
மார்ச் முழுக்க, ஏப்ரல் முழுக்க
எதிரியைக் காற்றில் தேடினேன்.

மே மாதம் ஓர் இரவு மெர்வின் வாய்திறந்தார்,
முதல் தடவையாகக் குரலில்.
"குமுதினி, கொட்டகையில் நாய் வைத்திருக்கிறாயா?"
இல்லையே.
"படம் வரும்போது நான் காதாலும் கேட்பேன். ஏதோ குரைக்கிறது."

அடுத்த படத்தை அனுப்பவிட்டுத் திரும்பினேன்.
வாசலில் தணிகை.
சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்து, பூட்ஸைக் கையில் பிடித்தபடி.
சத்தம் போட்டால் படம் கெடும் என்று
விரலை உதட்டில் வைத்துச் சொன்னவள் நான்தான், முதல் வாரமே.
சோறு ஆறுவதைக்கூடச் சொல்லாமல் நின்றிருக்கிறான்,
இரவுக்கு நாலைந்து படம்.
அடக்குகிறான், முழங்கையில் முகம் புதைக்கிறான்,
ஒன்று தப்பிவிடுகிறது.
திரையில் நூற்று நாற்பதாவது வரி.

மெர்வின் திருப்பியனுப்பிய எல்லாவற்றையும் திறந்தேன்.
எலுமிச்சை, குறடு, மேசைவிசிறி: சுத்தம்.
பிப்ரவரித் தக்காளி டின்னில் ஒன்று.
ஏப்ரலில் என் முகம்,
நெற்றியில் திருநீறு இட்டதுபோல் மூன்று.

ஆக்சைட் தெரு மருத்துவர் கேட்டார், எத்தனை நாளாக இருமல்?
"போன வாரம்தான்" என்றான் கூசாமல்.
பையிலிருந்து பதினேழு தாள்களை எடுத்து வைத்தேன்,
அடியில் தேதி, நேரம்.
அவர் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்து
வெகுநேரம் பார்த்தார்.
எக்ஸ்ரேவுக்கு எழுதிக்கொடுத்தார்.
அதிலும் கறுப்பு, வெள்ளை, நடுவில் சாம்பல்.
அந்தச் சாம்பலை வாசிக்க எனக்குத் தெரியாது.

முடிவு வெள்ளிக்கிழமை.

இன்றிரவு அவனைக் கேமரா முன் உட்காரவைத்து
பொத்தானை அழுத்தினேன்.
"பேசு."
கெட்டுப்போகுமே என்று கையால் காட்டினான்.
"போகட்டும். பேசு."
சாம்பாரில் உப்பில்லை என்று ஆரம்பித்தான்.
ஃபோர்மேனைத் திட்டினான். நடுவில் இருமினான். மறுபடி உப்பு.

லான்செஸ்டனிலிருந்து திரும்பி வந்தது,
முகமே தெரியாமல் கோடு கோடாக.
மூலையில் மெர்வினின் எழுத்து:
நாய் நலமா?